பழைய பேஸ் கிதார்களின் மறுபதிப்பு: தாமதங்களும் மாற்று பிக்கப்களும்

மின்கிதார் தொழிலில் இன்று புதுமைக்கு இருக்கும் மதிப்பு பழமைக்கும் இருக்கிறது. 1950களிலும் 60களிலும் வெளிவந்து, பின்னர் நிறுத்தப்பட்ட அல்லது உருமாறிப்போன கருவிகளை அதே வடிவில், அதே வண்ணத்தில், அதே திருகாணிகளோடு மீண்டும் தயாரித்து விற்பது அமெரிக்க, ஜப்பானிய நிறுவனங்களுக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான தொழில். புத்தக உலகில் நாம் மறுபதிப்பு என்று சொல்வதை அவர்கள் கருவிகளுக்குச் செய்கிறார்கள்.

இந்த மறுபதிப்புகளைப் பற்றி, குறிப்பாக பேஸ் கிதார் மறுபதிப்புகளைப் பற்றி, கலைஞர்களிடம் இரண்டு மனக்குறைகள் உண்டு. அறிவித்த காலத்தில் கருவி கடைக்கு வருவதில்லை என்பது ஒன்று. வந்து சேர்ந்த பிறகு அதன் பிக்கப் பழைய ஒலியைத் தருவதில்லை என்பது இன்னொன்று. ஆகவே ஓராண்டு காத்திருந்து வாங்கிய கருவியைப் பிரித்து, உள்ளிருக்கும் பிக்கப்பை எடுத்துவிட்டு, ஏதோ ஒரு சிறு பட்டறையில் கையால் சுற்றிய மாற்று பிக்கப்பைப் பொருத்துகிறார்கள். அந்த மாற்று பிக்கப்புக்கும் சில மாதங்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது வசதி படைத்த பொழுதுபோக்காளர்களின் சில்லறைப் பிரச்சினை. சற்று உள்ளே போய்ப் பார்த்தால் காங்கோவின் சுரங்கம், நீலகிரியின் ஈட்டி மரம், கலிபோர்னியாவில் அரை நூற்றாண்டுக்கும் மேல் செப்புக் கம்பி சுற்றிய ஒரு பெண்மணி, சுவீடனில் தனக்கெனத் தனிமொழி வைத்திருக்கும் ஒரு சிற்றூர் என்று எல்லாம் இதற்குள் வந்துவிடுகின்றன. தாமதம், மாற்று பிக்கப் ஆகிய இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றுதான் என்பதும் அப்போது தெரிகிறது.

பிக்கப் என்பது என்ன?

பேஸ் கிதாரை அறியாத தமிழர் குறைவு. பெயர் தெரியாமல் கேட்டவர்கள் அதிகம். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் குரலுக்கும் வயலின்களுக்கும் அடியில் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு நகருமே, அந்தக் கனத்த ஒலிக்குரிய கருவி அது. 1951-ல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலிப் பெட்டி பழுதுபார்ப்பவராக இருந்து கருவி செய்பவராக மாறிய லியோ ஃபெண்டர், 'பிரிசிஷன் பேஸ்' என்ற கருவியை வெளியிட்டார். ஆள் உயரத்துக்கு நின்ற டபுள் பேஸைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கு அது விடுதலை. 1960-ல் 'ஜாஸ் பேஸ்' வந்தது. இன்றுவரை உலகின் பெரும்பாலான பேஸ் கிதார்கள் இவ்விரண்டின் வாரிசுகளே.

இந்தக் கருவியின் காது பிக்கப். சில காந்தத் துண்டுகள். அவற்றைச் சுற்றித் தலைமயிர் அளவு மெல்லிய செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்று. மேலே இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது. சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அதை ஒலிபெருக்கி பெரிதாக்குகிறது. பள்ளிக்கூட இயற்பியலில் ஃபாரடேயின் விதி என்று படித்ததுதான்.

ஆனால் விதி எளிது, விளைவு எளிதன்று. காந்தத்தின் உலோகக் கலவை, கம்பியின் தடிமன், அதன் மேல் பூசிய காப்புப் பூச்சின் கனம், சுற்றுகளின் எண்ணிக்கை, சுற்றும்போது கொடுத்த இழுவிசை ஆகிய ஒவ்வொன்றும் ஒலியின் நிறத்தைச் சிறிது மாற்றும். வழக்கமாகப் பயன்படும் 42 எண் கம்பியின் குறுக்களவு 0.06 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அதன் மேலுள்ள பூச்சு ஓரிரு மைக்ரான் கூடினால் சுருளின் பருமன் மாறுகிறது. அதன் மின் இயல்பும் மாறுகிறது. ஆகவே கருவியின் மேனியைப் பழையபடி செய்வது தச்சு வேலை. பிக்கப்பைப் பழையபடி செய்வதற்கோ, ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய தொழிற்சாலைகளின் சரக்கு அறையே திரும்பி வரவேண்டும்.

கில்ட் ஸ்டார்ஃபயரின் அலைச்சல்

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கில்ட் நிறுவனத்தின் ஸ்டார்ஃபயர் பேஸ். 1952-ல் ஆல்ஃப்ரெட் டிராங்கி என்பவர் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் கில்ட். 1965-ல் அது வெளியிட்ட ஸ்டார்ஃபயர் பேஸ், உள்ளே பாதி கூடாக இருக்கும் மெல்லிய உடல் கொண்டது. பிக்கப் மட்டும் சொந்தத் தயாரிப்பு அன்று. சுவீடனின் எல்வ்டாலன் என்ற ஊரிலிருந்த ஹேக்ஸ்ட்ரோம் நிறுவனத்திடமிருந்து 'பை-சோனிக்' என்ற பிக்கப்பை வாங்கிப் பொருத்தினார்கள்.

எல்வ்டாலன் காடு சூழ்ந்த ஊர். சுவீடிஷ் மொழியிலிருந்து வெகுவாக விலகிய எல்வ்டாலியன் என்ற பழைய மொழியைச் சில ஆயிரம் பேர் அங்கே இன்றும் பேசுகிறார்கள். 1920களில் அக்கார்டியன் வியாபாரத்தில் தொடங்கிய ஹேக்ஸ்ட்ரோம், 1958 முதல் மின்கிதார் செய்தது. அந்த ஊரின் பிக்கப் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ராக் இசையின் அடித்தளமாக ஆனது விசித்திரம்தான். ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவின் ஜாக் காசடியும், கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஃபில் லெஷ்ஷும் (இவர் 2024 அக்டோபரில் காலமானார்) அறுபதுகளின் இறுதியில் ஸ்டார்ஃபயரை எடுத்தார்கள். அவர்களுடைய கருவிகளைப் பிரித்து மின்சுற்றுகளை மாற்றியமைத்த முயற்சிகளிலிருந்துதான் அலெம்பிக் என்ற நிறுவனமே வளர்ந்தது. மரமும் உலோகமும் கலந்த அந்தத் தெளிவான ஒலியை இன்றும் நேரடிப் பதிவுகளில் கேட்கலாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கில்ட் சொந்த பிக்கப்புக்கு மாறியது. ஹேக்ஸ்ட்ரோம் 1983-ல் கிதார் தயாரிப்பை நிறுத்தியது. பை-சோனிக் அநாதையாயிற்று.

கில்ட் நிறுவனமும் நிலையாக இல்லை. 1995-ல் ஃபெண்டர் அதை வாங்கியது. ரோட் ஐலண்டின் வெஸ்டர்லி தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. தயாரிப்பு கலிபோர்னியாவுக்கும், பிறகு வாஷிங்டன் மாநிலத்துக்கும், பிறகு கனெக்டிகட்டுக்கும் இடம் மாறியது. 2014-ல் கார்டோபா என்ற நிறுவனத்துக்குக் கைமாறியது. 2023-ல் கார்டோபாவையே யமஹா குழுமம் வாங்கியது. ஒவ்வொரு இடமாற்றத்திலும் அச்சுகளும் இயந்திரங்களும் லாரியில் ஏறிப் போய்ச் சேர்ந்திருக்கும். பழகிய தொழிலாளர்கள் லாரியில் ஏற மாட்டார்கள்.

இதற்கு நடுவே, ஃபெண்டரின் கடைசிக் காலத்தில், 2013-ல், கில்டின் அறுபதுகளின் மின்கருவிகளைத் தென்கொரியாவில் மறுபதிப்பாகச் செய்யும் 'நியூவார்க் ஸ்ட்ரீட்' வரிசை தொடங்கியது. ஸ்டார்ஃபயர் பேஸும் அதில் வந்தது. பை-சோனிக்கின் மறுஆக்கம் ஒன்றும் அதற்காக உருவானது. உடலைச் செய்வது எளிதாகத்தான் இருந்தது. பழைய சுவீடன் பிக்கப்பைப் போன்ற ஒன்றைத் தொழிற்சாலை அளவில் செய்வதுதான் மலையாக இருந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, நிறுவனங்கள் எதுவும் கவனிக்காத காலத்தில், 'டார்க் ஸ்டார்' என்ற பெயரில் ஒரு தனிமனிதர் பை-சோனிக் வழிவந்த பிக்கப்களைக் கையால் செய்து கேட்பவர்களுக்கு விற்றார். அவர் நிறுத்தியதும் அவை பழம்பொருள் விலைக்குப் போயின. பிறகு கர்டிஸ் நோவாக் போன்ற சிறு பட்டறைக்காரர்கள் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். மூல நிறுவனம் மறந்த ஒன்றை அரை நூற்றாண்டு காலம் நினைவில் வைத்திருந்தவர்கள் இவர்கள். இவர்கள் செய்ததை வெறும் உதிரிபாக வியாபாரம் என்று தள்ளிவிட முடியாது.

ஸ்பீடோமீட்டர் நின்றதும் நின்றது

இன்னொரு கதை ஃபெண்டருடையது. கிப்சன் நிறுவனத்தில் ஹம்பக்கர் என்னும் இரைச்சல் நீக்கும் பிக்கப்பைக் கண்டுபிடித்த சேத் லவர், 1967-ல் ஃபெண்டருக்கு வந்து, எழுபதுகளின் தொடக்கத்தில் 'வைட் ரேஞ்ச்' என்ற பிக்கப்பை வடிவமைத்தார். டெலிகாஸ்டர் கிதாரின் சில வகைகளில் அது இடம்பெற்றது. அதே குடும்பத்து பெரிய பிக்கப் ஒன்று 1972-ன் டெலிகாஸ்டர் பேஸில் கழுத்தருகே உட்கார்ந்தது.

லவருக்கு ஒரு தேவை இருந்தது. காந்தத்தையே திருகாணியாகக் கடைந்து, ஒவ்வொரு தந்திக்கும் ஏற்ப உயர்த்தித் தாழ்த்தவேண்டும். கிதாரில் வழக்கமான அல்நிகோ காந்தம் கண்ணாடி போல உடையும். மரை வெட்ட இடம் தராது. அவர் கண்டது குனிஃபே. செம்பு, நிக்கல், இரும்பு சேர்ந்த, கடைசலுக்கு இணங்கும் காந்தக் கலவை. வாகனங்களின் ஸ்பீடோமீட்டர் போன்ற அளவுமானிகளுக்காகத் தயாரான சரக்கு அது. அந்தப் பெரிய சந்தை வேறு தொழில்நுட்பத்துக்கு மாறியதும் குனிஃபே சந்தையில் அரிதாயிற்று. கிதார்க்காரர்களுக்காக மட்டும் உலையை எரிக்க யாரும் தயாராக இல்லை.

பின்னாளில் வந்த மறுபதிப்புகளில் வைட் ரேஞ்சின் அதே பெரிய உலோக மூடி இருந்தது. உள்ளே இருந்ததோ சாதாரண ஹம்பக்கர், வேறு காந்தம். மூடி பழையது போலவே மின்னியதால் வாங்கியவர்களில் பலருக்கு அது தெரியவே இல்லை. காதுக்குத் தெரிந்தவர்கள் மாற்று பிக்கப் தேடிப் போனார்கள். சிறு தயாரிப்பாளர்கள் குனிஃபே துண்டுகளைத் தேடிப்பிடித்துச் செய்து கொடுத்தார்கள். கடைசியில் 2020-க்குப் பிறகே ஃபெண்டர் உண்மையான குனிஃபே காந்தங்களோடு வைட் ரேஞ்சை மீண்டும் கொண்டுவந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் சர்வசாதாரணமாகக் கிடைத்த ஒன்றைத் திரும்பப் பெற இத்தனை காலம் ஆயிற்று.

இங்கே ஒரு பொதுவிதி புலப்படுகிறது. இசைக்கருவித் தொழில் தனக்கென்று காந்தம் வார்த்ததில்லை, கம்பி இழுத்ததில்லை. பெரிய தொழில்களின் பந்தியில் மிச்சத்தை வாங்கி வாழ்ந்த தொழில் அது. அறுபதுகளின் 'அசல் ஒலி' என்று இன்று போற்றப்படுவது, அன்று மோட்டார்களுக்கும் வானொலிப் பெட்டிகளுக்கும் அளவுமானிகளுக்கும் மலிவாகக் கிடைத்த பண்டங்களின் ஒலி. பெரிய தொழில் இடம் மாறினால் சிறிய தொழில் தவிக்கும். தாமதத்துக்கும் மாற்றீட்டுக்கும் பொதுவான வேர் இதுவே.

கோபால்ட், மரம், வரி

சரி, குனிஃபே அபூர்வமானது. மற்றவை கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். கிடைக்கின்றன, ஆனால் முன்போல் இல்லை.

பெரும்பாலான பழைய பேஸ் பிக்கப்களின் காந்தம் அல்நிகோ. 1931-ல் ஜப்பானிய உலோகவியலாளர் டோகுஷிச்சி மிஷிமாவின் கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்த கலவை. அதிகம் பயன்படும் அல்நிகோ 5-ல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கோபால்ட். 1978-ல் அன்றைய ஜயர் நாட்டின் ஷாபா மாகாணத்தில் போர் மூண்டு கோல்வேசி சுரங்கங்கள் முடங்கியபோது கோபால்ட் விலை பன்மடங்கு ஏறியது. ஒலிபெருக்கி செய்பவர்கள் கூட்டம் கூட்டமாக அல்நிகோவைக் கைவிட்டு ஃபெரைட் காந்தத்துக்கு மாறினார்கள். எழுபதுகளின் ஒலிபெருக்கிக்கும் எண்பதுகளின் ஒலிபெருக்கிக்கும் வேறுபாடு கேட்டால், அதில் ஒரு பங்கு ஆப்பிரிக்கப் போர் ஒன்றின் எதிரொலி.

இப்போதும் உலகக் கோபால்ட் உற்பத்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு அதே நாட்டிலிருந்து, இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து, வருகிறது. விலை வீழ்ச்சியைத் தடுக்க 2025 பிப்ரவரியில் அந்நாடு ஏற்றுமதியை நிறுத்தியது; அக்டோபரில் ஒதுக்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. 2026, 2027 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 96,600 டன் என்பது அறிவிக்கப்பட்ட அளவு. மின்வாகன மின்கலங்களும் விமான எந்திரங்களும் வரிசையில் முன்னால் நிற்கின்றன. சில கிராம் காந்தம் கேட்கும் பிக்கப் பட்டறை வரிசையின் கடைசியில் நிற்கிறது. அந்தச் சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வது பற்றிய செய்திகளும் நாம் அறிந்தவையே. ஆகவே 'எனக்குப் பழைய காந்தம்தான் வேண்டும்' என்ற விருப்பம் முழுக்க அப்பாவித்தனமானது என்று சொல்வதற்கில்லை.

மரத்தின் கதையும் இப்படித்தான். பழைய பேஸ்களின் விரல்பலகை ரோஸ்வுட். முதலில் பிரேசில் ரோஸ்வுட். அது அருகியதும் அறுபதுகளின் நடுவிலிருந்து இந்திய ரோஸ்வுட். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்லும் அதே மரம். சீனத்து மரச்சாமான் சந்தை உலகெங்கும் இந்த இன மரங்களை விழுங்கத் தொடங்கியதால், 2017 ஜனவரி 2 முதல் டால்பெர்ஜியா இனம் முழுவதும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஏறியது. எல்லை தாண்டும் ஒவ்வொரு கிதாருக்கும் சான்றிதழ் தேவைப்பட்டது. சுங்கச் சாவடிகளில் கருவிகள் காத்துக் கிடந்தன. ஃபெண்டர் தன் மெக்சிகோ தொழிற்சாலைக் கருவிகளில் பாவ் ஃபெர்ரோ என்ற தென்னமெரிக்க மரத்துக்கு மாறியது. 2019-ல் ஜெனீவாவில் கூடிய மாநாடு முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளித்தது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் அது நடைமுறைக்கு வந்தது. எழுபதுகளின் பேஸ்களுக்கு உடலாக இருந்த ஆஷ் மரத்துக்கு வேறு எமன். 2002-ல் மிச்சிகனில் முதலில் கண்டறியப்பட்ட, ஆசியாவிலிருந்து வந்த மரகத நிற வண்டு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. வழக்கமான தயாரிப்பில் இனி ஆஷ் இராது என்று 2020-ல் ஃபெண்டர் அறிவித்தது.

இதற்கு மேல் வந்தது பெருந்தொற்று. 2020-ல் வீட்டுக்குள் அடைபட்ட மக்கள் கிதார் கற்கத் தொடங்கினார்கள். தொழிற்சாலைகள் சில வாரங்கள் மூடிக்கிடந்த அதே ஆண்டில்தான் ஃபெண்டர் தன் வரலாற்றின் மிகப்பெரிய விற்பனையைக் கண்டது. கேட்பு பெருகிய வேளையில் கப்பல்கள் துறைமுகங்களுக்கு வெளியே நின்றன. பிறகு 2025-ல் அமெரிக்கா விதித்த இறக்குமதி வரிகள். அவற்றில் பெரிய நிறுவனங்களைவிடச் சிறு பட்டறைகளை அதிகம் தாக்கியது, 800 டாலருக்குட்பட்ட சிறு பொட்டலங்களுக்கு இருந்த வரிவிலக்கு ஆகஸ்ட் 29-ல் எல்லா நாடுகளுக்கும் நீக்கப்பட்டதுதான். இந்திய அஞ்சல் துறை உட்படப் பல நாடுகளின் அஞ்சல் துறைகள் அந்த நாட்களில் அமெரிக்காவுக்கான பொட்டலங்களைத் தற்காலிகமாக நிறுத்தியதைப் புலம்பெயர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பெட்டியில் ஒரு பிக்கப்பை வைத்துக் கடல் கடந்து அனுப்பிப் பிழைப்பவனுக்கு அது தொழிலின் குரல்வளை.

கைகளின் கணக்கு

பண்டம் கிடைத்தாலும் கை வேண்டுமே. ஃபெண்டர் தொழிற்சாலையில் 1956-ல் வேலைக்குச் சேர்ந்தவர் அபிகேல் இபாரா. இயந்திரம் சுழல, கையால் கம்பியை வழிநடத்தி பிக்கப் சுற்றுவது அவர் வேலை. செய்து முடித்ததில் பெயரின் முதலெழுத்தும் தேதியும் குறிப்பது உண்டு. அது தரக் கட்டுப்பாட்டுக்கான குறிப்பு, கையொப்பம் அன்று. 1965-ல் லியோ ஃபெண்டர் தன் நிறுவனத்தை சி.பி.எஸ். ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறினார். 1985-ல் சி.பி.எஸ்.ஸும் வெளியேறியது. இபாரா தொடர்ந்து சுற்றிக்கொண்டிருந்தார். 2013-ல்தான் ஓய்வு பெற்றார்.

அறுபதுகளில் யாருக்கும் தெரியாத அந்தக் கை, பின்னாளில் நிறுவனத்தின் உயர்விலைக் கருவிகளின் விளம்பர வாசகமாயிற்று. அவர் சுற்றிய பிக்கப்புக்குத் தனி விலை, தனிக் காத்திருப்பு. இதை மரியாதை என்று சொல்லலாம்; காலம் கடந்த மரியாதை என்றும் சொல்லலாம். தொழிற்சாலை ஒன்றின் அரை நூற்றாண்டு அறிவு, கணிசமான அளவுக்கு ஒரு சில தொழிலாளர்களின் விரல்களில் இருந்தது என்பதை நிறுவனம் தாமதமாகவே உணர்ந்தது.

அந்த உணர்வு இல்லாததால் நேர்ந்த வேடிக்கை ஒன்று பதிவாகியிருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஐம்பதுகளின் கருவிகளை மறுபதிப்பு செய்ய ஃபெண்டர் முடிவெடுத்தபோது, அளவெடுத்துப் பார்க்கப் பொருத்தமான பழைய கருவிகள் நிறுவனத்தின் கைவசம் இல்லை. டான் ஸ்மித் என்ற அதிகாரி பழைய கிதார் விற்கும் கடைக்குப் போய்த் தங்கள் பழைய தயாரிப்புகளையே விலைகொடுத்து வாங்கி வரவேண்டியதாயிற்று. 1982-ல் வெளிவந்த முதல் மறுபதிப்பு வரிசை அப்படிப் பிறந்ததுதான். தன் ஏட்டைத் தானே கரையானுக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்து ஊரில் பிரதி தேடிப்போன கதை.

இந்த வேறுபாடு உண்மையா?

மாற்றுக்கருத்தையும் சொல்லவேண்டும். தந்தியின் வகை, விரலின் அழுத்தம், ஒலிபெருக்கி, பதிவுக்கூடம் ஆகியவை பிக்கப்பைவிட அதிகம் ஒலியைத் தீர்மானிக்கின்றன என்பார்கள். நியாயமே. மோடவுன் பாடல்களின் பேஸ் மேதை ஜேம்ஸ் ஜேமர்சன் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஒரு பிரிசிஷன் பேஸை வைத்துக்கொண்டு, பெரும்பாலும் ஒற்றை விரலால், நூற்றுக்கணக்கான பதிவுகளைச் செய்தார். மாற்று பிக்கப் தேடி அவர் அலையவில்லை. அதுமட்டுமன்று, கையால் சுற்றிய காலத்தில் காலையில் செய்த பிக்கப்பும் மாலையில் செய்த பிக்கப்பும் ஒன்றுபோல் இருந்ததில்லை. ஆகவே 'அசல்' என்று ஒற்றை ஒலியே கிடையாது. பாடபேதங்கள் மட்டுமே உண்டு.

இது முழுவதும் உண்மை. ஆனால் இந்த வாதத்தால் நிறுவனம் தப்பித்துவிட முடியாது. பிக்கப் முக்கியமில்லை என்றால் விளம்பரத்தில் 'அந்த ஆண்டின் அசல் பிக்கப்' என்று ஏன் எழுதவேண்டும்? அந்தச் சொல்லுக்காகத்தானே கூடுதல் விலை. சொல்லுக்கு விலை வாங்கியவர்கள் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டாமா?

தாமதத்தையும் மாற்றீட்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்பது என் கட்சி. தாமதம் பல நேரங்களில் நேர்மையின் அடையாளம். கிப்சன் எழுபதுகளில் செய்து கைவிட்ட லெஸ் பால் சிக்னேச்சர் பேஸை மீட்டெடுக்க ஜாக் காசடி முனைந்தபோது, உடல் முன்பே சரியாக அமைந்துவிட்டது; பிக்கப் அமையவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்த்து, தன் காதுக்கு ஒத்த பிறகே சம்மதித்தார். எபிஃபோன் பெயரில் 1997-ல் வெளிவந்த அந்தக் கருவி கால் நூற்றாண்டுக்கு மேல் விற்றது. வாங்கியவர்கள் மாற்று பிக்கப் தேட வேண்டிய தேவை குறைந்தது. தயாரிப்பாளர் முன்கூட்டியே காத்திருந்துவிட்டதால்.

மாற்றீடும் தன்னளவில் குற்றமில்லை. ஈட்டி மரம் காட்டில் நிற்கட்டும். விரல்பலகைக்கு வேறு மரம் போதும். கோபால்ட் இல்லாத காந்தம் நல்ல ஒலி தருமானால் வரவேற்கவேண்டியதே. குற்றம் மௌனத்தில் இருக்கிறது. பழைய மூடியைப் போட்டு உள்ளே வேறொன்றை வைத்து, அதைச் சொல்லாமல் விற்பதில் இருக்கிறது. இதனால் கருவி வாங்குபவர் இருமுறை செலவழிக்கிறார், இருமுறை காத்திருக்கிறார். கழற்றி எறியப்படும் புது பிக்கப்பில் இருக்கும் செம்பும் காந்தமும் யாருக்கும் பயனின்றிப் போகின்றன. சூழலுக்காக மாற்றினோம் என்ற வாதமும் அங்கே பொய்த்துப்போகிறது.

செய்யவேண்டியது பெரிய காரியமில்லை. மறுபதிப்பு என்று விற்கும் கருவியோடு ஒரு தாளில் எது பழையபடி, எது மாற்றம், ஏன் மாற்றம் என்று எழுதி வைக்கலாம். நிறுத்திவிட்ட பிக்கப்களின் காந்தக் கலவை, கம்பி வகை, சுற்றுக் கணக்கு ஆகியவற்றை நிறுவனங்கள் வெளியிடலாம். தாங்கள் செய்யப்போவதில்லை என்றான பின் அதில் காக்க வேண்டிய ரகசியம் என்ன இருக்கிறது? சிறு பட்டறைக்காரர்களைப் போட்டியாளர்களாக எண்ணாமல், அறிவைப் பாதுகாக்கும் பங்காளிகளாக நடத்தலாம். அவர்களிலும் பலர் தனி ஆட்கள். அவர்கள் கை ஓய்ந்தால், டார்க் ஸ்டாருக்கு நேர்ந்ததுபோல, இன்னொரு ஒலி அநாதையாகும்.

தமிழ் வாசகனுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. 1894-ல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. நானூறு என்று பெயர் பெற்ற நூல் ஆயிற்றே என்று யாரும் இரண்டு பாட்டு எழுதி இட்டு நிரப்பவில்லை. அந்த எண்கள் இன்றுவரை வெறுமையாக நிற்கின்றன. அதனால் அந்த நூலின் மதிப்பு குறைந்ததாகவும் யாரும் சொல்வதில்லை. இரண்டாயிரம் டாலர் கொடுத்துக் கருவி வாங்குகிறவரும் இதைத்தான் எதிர்பார்க்கிறார். கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று சொன்னால் அவர் காத்திருப்பார். அல்லது மாற்றை அறிந்தே ஏற்றுக்கொள்வார்.